டீ ட்ரீ எண்ணெய்: கிருமியைத் தடுக்கும் பொருளும் காற்றில் கெடும் பொருளும்

மூலிகைகளிலிருந்து வடிக்கப்படும் நறுமண எண்ணெய்களைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் நுண்ணுயிர் எதிர்ப்புத் திறனும், ஆக்சிஜனோடு வினைபுரிந்து பொருள்கள் கெடுவதைத் தடுக்கும் ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத் திறனும் பெரும்பாலும் ஒரே தலைப்பின் கீழ்ச் சேர்ந்தே பேசப்படுகின்றன. தட்டில் பாக்டீரியாவை வளர்த்து, எண்ணெயில் தோய்த்த வட்டத் தாளை அதன்மேல் வைத்து, கிருமி வளராத வளையத்தின் அகலத்தை அளக்கிறார்கள். பிறகு ஊதா நிறக் கரைசல் ஒன்றில் எண்ணெயைக் கலந்து அதன் நிறம் எவ்வளவு வெளுக்கிறது என்று பார்க்கிறார்கள். இரண்டிலும் பலன் தெரிந்தால் அந்தச் செடிக்கு இரண்டு நற்குணங்களும் உண்டு என்று கட்டுரை முடிந்துவிடுகிறது. இவ்விரு குணங்களும் எண்ணெயின் எந்தெந்தச் சேர்மங்களில் தங்கியிருக்கின்றன, அவை ஒன்றுக்கொன்று துணையா பகையா, ஆய்வகத்தில் கிடைத்த எண் நோயாளியின் தோலில் என்னவாகிறது என்ற கேள்விகள் அப்படியே நின்றுவிடுகின்றன.

இக்கேள்விகளுக்கு விடை காணும் அளவுக்குத் தரவு சேர்ந்துள்ள நறுமண எண்ணெய்கள் மிகச் சில. அவற்றுள் முதலில் நினைவுக்கு வருவது ஆஸ்திரேலியாவின் டீ ட்ரீ எண்ணெய். ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக அதை வேதியியலாளர்களும் நுண்ணுயிரியலாளர்களும் தோல் மருத்துவர்களும் மாறிமாறிச் சோதித்திருக்கிறார்கள். அந்தத் தரவுகளைச் சேர்த்துப் படிக்கையில் எனக்குக் கிடைக்கும் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த எண்ணெயில் கிருமியைத் தடுப்பது பெரும்பாலும் ஒரு சேர்மம், ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பது வேறு சில சேர்மங்கள், அந்த இரண்டாம் கூட்டத்தின் குணமே எண்ணெயைத் தோலுக்கு ஒவ்வாததாக மாற்றும் காரணமாகவும் இருக்கிறது.

மரமும் பிறப்பிடமும்

இதன் தாவரப் பெயர் மெலலூக்கா ஆல்டர்னிஃபோலியா. பெயரில் டீ இருந்தாலும் தேயிலைச் செடிக்கும் இதற்கும் உறவில்லை. யூகலிப்டஸ், கிராம்பு, நாவல் ஆகியவை சேர்ந்த மிர்ட்டேசி குடும்பத்தைச் சேர்ந்த சிறு மரம் இது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடகிழக்கில், கிளாரன்ஸ், ரிச்மண்ட் ஆறுகளின் வடிநிலங்களில் உள்ள ஈரம் தங்கும் தாழ்நிலங்களே இதன் இயற்கையான இருப்பிடம். அப்பகுதியின் பூர்வகுடிகளான பன்ஜலங் மக்கள் இதன் இலையைக் கசக்கி முகர்ந்து சளிக்கும் இருமலுக்கும் பயன்படுத்தினர். புண்ணின்மேல் இலையைத் தூவி மண்பற்றிட்டனர். இலையை ஊறவைத்த நீரைத் தொண்டை வலிக்குக் குடித்தனர். அவர்கள் பயன்படுத்தியது இலை. வடித்தெடுத்த எண்ணெய் பின்னர் வந்தது. மரபு வழி அனுபவம் எண்ணெய்க்கும் சான்றாகும் என்று பலர் எழுதுவதால் இந்த வேறுபாட்டைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது: இலையில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவாக உள்ள பொருளை நூறு சதவீதமாகக் குப்பியில் அடைக்கும்போது கையில் இருப்பது வேறொரு பொருள்.

எண்ணெயின் நவீன வரலாறு 1920களில் சிட்னி தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் பணியாற்றிய வேதியியலாளர் ஆர்தர் பென்ஃபோல்டிடமிருந்து தொடங்குகிறது. அக்காலத்தில் கிருமிநாசினிகளின் வலிமையைக் கார்பாலிக் அமிலம் எனப்பட்ட ஃபீனாலுடன் ஒப்பிட்டு அளப்பது வழக்கம். அந்த அளவுகோலின்படி டீ ட்ரீ எண்ணெய் ஃபீனாலைவிட 11 மடங்கு வீரியமானது என்று பென்ஃபோல்டும் அவருடன் பணியாற்றியவரும் 1925இல் அறிவித்தனர். 1930இல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் புதிய ஆஸ்திரேலியக் கிருமிநாசினி என்ற அளவில் இது பேசப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெனிசிலினும் அதன் வழிவந்த மருந்துகளும் பரவியதும் எண்ணெயின் தேவை சரிந்தது. 1970களிலும் 1980களிலும் இயற்கைப் பொருள்களின்மேல் ஆர்வம் திரும்பியபோது காட்டு மரங்களை வெட்டும் முறை போய்த் தோட்டங்கள் தோன்றின. மரத்தைத் தரைக்குச் சற்று மேலே அறுத்து, இலையையும் சிறு கிளைகளையும் நீராவியில் வடிக்கிறார்கள். அடிக்கட்டை மறுபடி துளிர்த்து அடுத்த அறுவடைக்குத் தயாராகிறது. ஈர எடையில் 1 முதல் 2 சதவீதம் வரை எண்ணெய் கிடைக்கும்.

எண்ணெய்க்குள் இருப்பவை

நிறமற்ற அல்லது இளமஞ்சளான இந்தத் திரவத்தில் சுமார் நூறு சேர்மங்கள் உள்ளன. பெரும்பாலானவை பத்துக் கார்பன் அணுக்கள் கொண்ட மோனோடெர்பீன்களும் அவற்றோடு ஆக்சிஜன் சேர்ந்த ஆல்கஹால்களும். நமக்கு இங்கே முக்கியமானவை நான்கைந்துதான். ஆல்கஹாலான டெர்பினென்-4-ஆல் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கும். கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட ஹைட்ரோகார்பன்களான காமா-டெர்பினீன், ஆல்ஃபா-டெர்பினீன், டெர்பினோலீன் ஆகிய மூன்றும் சேர்ந்து இன்னொரு பெரும் பங்கை எடுத்துக்கொள்ளும். புதிய எண்ணெயில் சிறிதளவும் பழைய எண்ணெயில் மிகுதியாகவும் காணப்படுவது பாரா-சைமீன்.

ஒரே இன மரமானாலும் எல்லா மரங்களும் ஒரே எண்ணெயைத் தருவதில்லை. மெலலூக்கா ஆல்டர்னிஃபோலியாவில் ஆறு வேதிவகைகள் கண்டறியப்பட்டுள்ளன: ஒன்றில் டெர்பினென்-4-ஆல் மிகுதி, ஒன்றில் டெர்பினோலீன் மிகுதி, ஏனைய நான்கில் 1,8-சினியோல் மிகுதி. நம்மூரில் தலைவலிக்கும் மூக்கடைப்புக்கும் தேய்க்கும் நீலகிரித் தைலத்தின் மணத்துக்குக் காரணமான அதே சினியோல்தான் இது. அதனால்தான் பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பு 1996இல் ஐஎஸ்ஓ 4730 என்ற தரத்தை வகுத்தபோது மரத்தின் பெயரோடு நிறுத்தாமல் "டெர்பினென்-4-ஆல் வகை" என்றே தலைப்பிட்டது. 2004இல் வந்த பதிப்பில் டெர்பினென்-4-ஆல் குறைந்தது 30 சதவீதமாவது இருக்க வேண்டும், சினியோல் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றிருந்தது. 2017ஆம் ஆண்டுப் பதிப்பு அவற்றை முறையே 35, 10 என இறுக்கியது.

சினியோல் தோலை எரிச்சலூட்டும் என்ற நம்பிக்கையே நெடுங்காலம் அதைக் குறைக்கத் தூண்டுதலாக இருந்தது. பின்னர் தேடிப் பார்த்தபோது இந்த எண்ணெயில் உள்ள அளவில் சினியோல் தோலைப் பாதிக்கிறது என்பதற்குத் தக்க சான்று கிடைக்கவில்லை. குற்றவாளி வேறெங்கோ இருக்க, தொழில்துறை முழுவதும் சினியோல் குறைந்த எண்ணெயை உயர்ந்ததென விற்றுவந்தது.

தட்டிலும் குழாயிலும் கிடைத்த எண்கள்

மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் கார்சன், ஹேமர், ரைலி ஆகியோர் அடங்கிய குழு 1990கள் முதல் செய்த பணிகளே இத்துறையின் முதுகெலும்பு. அவர்கள் தொகுத்த முடிவுகளின்படி பெரும்பாலான பாக்டீரியாக்களின் வளர்ச்சியை 1 சதவீதம் அல்லது அதற்கும் குறைவான செறிவிலேயே எண்ணெய் தடுக்கிறது. மெத்திசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்குக் கட்டுப்படாத ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸும் (எம்ஆர்எஸ்ஏ) இதற்கு விலக்கல்ல. மருந்தெதிர்ப்புப் பெற்ற கிருமியும் பெறாத கிருமியும் எண்ணெயிடம் ஏறத்தாழ ஒரே மாதிரிப் பணிகின்றன. கேண்டிடா போன்ற பூஞ்சைகளும் இப்பட்டியலில் உண்டு. 2 சதவீதத்துக்கு மேல் தேவைப்படுபவை என்டரோகாக்கஸ் ஃபீக்காலிஸ், தோலில் இயல்பாகவே வாழும் சில ஸ்டஃபைலோகாக்கஸ்கள், சூடோமோனாஸ் ஏருகினோசா ஆகியவை. தோலின் சொந்தக் குடிகள் தப்பி, நோய்க்கிருமி மடிகிறது என்ற வேறுபாடு தோலில் பூசும் மருந்துக்குச் சாதகமானது.

இந்த எண்கள் எப்படிப் பெறப்படுகின்றன என்பது எண்களைப் போலவே முக்கியம். எண்ணெய் நீரில் கரையாது. கலக்குவதற்கு ட்வீன்-80 போன்ற பொருளைச் சேர்த்தால் அதுவே எண்ணெயின் திறனைக் குறைக்கிறது என்று மேற்கு ஆஸ்திரேலியக் குழுவே 1999இல் காட்டியது. வட்டத் தாள் முறையில் எண்ணெயின் ஒரு பகுதி ஆவியாகிவிடும், ஒரு பகுதி கிருமி வளர்க்கும் கூழான அகாரில் பரவாமல் தாளிலேயே நின்றுவிடும். நீரில் ஓரளவு கரையும் சேர்மம் அகலமான வளையத்தையும் வீரியம் மிக்க ஆனால் கரையாத சேர்மம் குறுகலான வளையத்தையும் தரக்கூடும். வளையத்தின் அகலத்தைக் கொண்டு இரு எண்ணெய்களின் வலிமையை ஒப்பிடும் கட்டுரைகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கிருமி வளர்க்கும் நீர்மத்திலோ அகாரிலோ எண்ணெயைப் படிப்படியாக நீர்க்கச் செய்து அளந்த குறைந்தபட்சத் தடுப்புச் செறிவு ஒப்பிடத்தக்கது. அதிலும் கலப்புப் பொருளின் பெயரும் அளவும் கூறப்பட்டிருக்க வேண்டும்.

எண்ணெய் கிருமியை எப்படிக் கொல்கிறது என்பதும் இன்று தெளிவாகியிருக்கிறது. டெர்பீன்கள் கொழுப்பை விரும்புபவை. கிருமியின் செல் சவ்வும் கொழுப்பாலானது. சவ்வுக்குள் புகுந்த சேர்மங்கள் அதன் ஒழுங்கைக் குலைக்கின்றன. எண்ணெய் பட்ட ஈ.கோலையும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸும் பொட்டாசியம் அயனிகளை வெளியே கசியவிடுகின்றன, அவற்றின் சுவாசம் தடைப்படுகிறது, ஆரோக்கியமான செல்லுக்குள் நுழைய முடியாத சாயம் உள்ளே நுழைகிறது என்று 2000இல் வெளியான ஆய்வு காட்டியது. 2002இல் வந்த இன்னொரு ஆய்வில், எண்ணெய் பட்ட ஸ்டஃபைலோகாக்கஸ் முன்பு தாங்கிய அளவு உப்பைத் தாங்க இயலாமல் போனதும், செல்லுக்குள் இருக்க வேண்டிய பொருள்கள் வெளியே வந்ததும், ஆனால் செல் முழுவதுமாக வெடித்துச் சிதறவில்லை என்பதும் பதிவாயின. சூடோமோனாஸ் தப்புவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு: அதன் வெளிச்சவ்வு ஒரு மதிலாக நிற்கிறது, உள்ளே வந்ததை வெளியேற்றும் பம்புகளும் அதற்கு இருக்கின்றன.

நூறு சேர்மங்களில் இந்த வேலையைச் செய்வது எது? சேர்மங்களைத் தனித்தனியே சோதித்து 1995இல் கார்சனும் ரைலியும் வெளியிட்ட முடிவு இதற்கு நேரான விடை தருகிறது. சோதித்த எல்லாக் கிருமிகளையும் டெர்பினென்-4-ஆல் தடுத்தது. வேறு இரு ஆல்கஹால்களான லினலூலும் ஆல்ஃபா-டெர்பினியாலும் சூடோமோனாஸைத் தவிர மற்றவற்றைத் தடுத்தன. பாரா-சைமீன் எதையும் தடுக்கவில்லை. ஆல்கஹால் தொகுதி உள்ள சேர்மம் நீரிலும் சிறிது கரையும் என்பதால் அது கிருமியைச் சென்றடைகிறது. வெறும் ஹைட்ரோகார்பன் எண்ணெய்த் துளியிலேயே தங்கிவிடுகிறது.

இதற்கு அடுத்த படியை 2001இல் காக்ஸ், மான், மார்க்கம் ஆகியோர் எடுத்தனர். மூலிகையின் முழு எண்ணெயே தனிச் சேர்மத்தைவிடச் சிறந்தது, சேர்மங்கள் ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன என்ற பேச்சு இத்துறையில் ஏறக்குறைய நம்பிக்கையாகவே நிலவுகிறது. இவர்கள் கண்டது அதற்கு நேர்மாறு. டெர்பினென்-4-ஆல் தனியே இருந்தபோது கிருமியைத் தடுத்த வேகம், காமா-டெர்பினீனையோ பாரா-சைமீனையோ சேர்த்தபோது குறைந்தது. ஹைட்ரோகார்பன்கள் டெர்பினென்-4-ஆலைத் தம்மிடம் கரைத்து வைத்துக்கொள்வதால் நீர்ப்பகுதிக்குச் சென்று கிருமியைத் தொடும் அளவு குறைகிறது என்பது அவர்களின் விளக்கம். ஆக்சிஜனேற்ற எதிர்ப்புக்குப் புகழ் பெற்ற காமா-டெர்பினீன் கிருமி எதிர்ப்பில் இங்கே குறுக்கே நிற்கிறது.

நோயாளிகளிடம் நடந்தவை

தோலில் பூசும் மருந்தாக முறையான ஒப்பீட்டுக்கு உட்படுத்தப்பட்ட நறுமண எண்ணெய் இதைப்போல் வேறொன்று இல்லை என்றே சொல்லலாம். 1990இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் மிதமான முகப்பரு உள்ள 124 பேரில் ஒரு பகுதியினர் 5 சதவீத டீ ட்ரீ எண்ணெய்க் கூழையும் மற்றவர்கள் வழக்கமான பரு மருந்தான பென்சாயில் பெராக்சைடை 5 சதவீத அளவிலும் பூசினர். இரண்டும் பருக்களைக் குறைத்தன. எண்ணெய் மெதுவாக வேலை செய்தது. வறட்சி, எரிச்சல் போன்ற தொல்லைகளைச் சொன்னவர்கள் எண்ணெய்க் குழுவில் 44 சதவீதம், மறு குழுவில் 79 சதவீதம். 2007இல் ஈரானில் 60 பேரிடம் மருந்தில்லாத கூழோடு ஒப்பிட்ட ஆய்விலும் எண்ணெய்க்கே வெற்றி. முகப்பருவில் கிடைத்த இந்தப் பலன் முழுவதையும் கிருமி எதிர்ப்பின் கணக்கில் எழுதிவிட முடியாது. டெர்பினென்-4-ஆல் மனித வெள்ளணுக்கள் அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரப்பதைக் குறைக்கிறது என்று 2000இல் ஆஸ்திரேலியாவிலேயே ஆய்வகத்தில் காட்டப்பட்டிருக்கிறது.

பொடுகுக்கு 5 சதவீத ஷாம்புவைச் சோதித்த 2002ஆம் ஆண்டு ஆய்வில் 126 பேர் பங்கேற்றனர். எண்ணெய்க் குழுவில் 41 சதவீத முன்னேற்றமும் மறு குழுவில் 11 சதவீத முன்னேற்றமும் காணப்பட்டன.

சேற்றுப்புண் எனப்படும் கால் விரலிடைப் பூஞ்சைத் தொற்றில் கதை சற்றுச் சிக்கலானது, ஆனால் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. 1992இல் 10 சதவீதக் களிம்பைச் சோதித்தவர்கள் அரிப்பும் எரிச்சலும் குறைந்ததைக் கண்டனர். ஆனால் தோலைச் சுரண்டி வளர்த்துப் பார்த்தபோது பூஞ்சை நீங்கியதில் வெறும் களிம்புக்கும் எண்ணெய்க் களிம்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. 2002இல் 158 பேரிடம் 25, 50 சதவீதக் கரைசல்களைச் சோதித்தபோது, 50 சதவீதக் கரைசல் பூசியவர்களில் 64 சதவீதத்தினரிடம் பூஞ்சை நீங்கியது. வெறும் கரைசலில் அது 31 சதவீதம். செறிவைக் கூட்டியதும் பலன் வந்தது. அதோடு எண்ணெய் பூசியவர்களில் நான்கு பேருக்கு மிதமானது முதல் கடுமையானது வரையிலான தோல் அழற்சியும் வந்தது. தட்டில் 1 சதவீதத்துக்குக் கீழே மடியும் பூஞ்சை காலில் 25 சதவீதம் கேட்கிறது என்பதை, நறுமண எண்ணெயின் தடுப்புச் செறிவை வைத்து மருந்து தயாரிக்கத் துடிப்பவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

மருத்துவமனைகளில் எம்ஆர்எஸ்ஏ என்ற மருந்தெதிர்ப்புக் கிருமியை உடலில் சுமப்பவர்களிடமிருந்து அதை நீக்குவது கடினமான பணி. 2004இல் இங்கிலாந்தில் 236 பேரிடம் நடந்த ஆய்வில் ஒரு குழுவுக்கு 10 சதவீத டீ ட்ரீ மூக்குக் களிம்பும் 5 சதவீத உடல் கழுவியும், மறு குழுவுக்கு மூக்கில் முபிரோசினும் உடலுக்குக் குளோர்ஹெக்சிடின் முதலிய வழக்கமான மருந்துகளும் ஐந்து நாள் தரப்பட்டன. முழுமையாகக் கிருமி நீங்கியவர்கள் எண்ணெய்க் குழுவில் 41 சதவீதம், வழக்கமான குழுவில் 49 சதவீதம். வேறுபாடு புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்கதல்ல. ஆனால் உடலின் எந்தப் பகுதி என்று பிரித்துப் பார்த்தால் படம் மாறுகிறது. மூக்கில் முபிரோசின் 78 சதவீதத்தினரிடமும் எண்ணெய் 47 சதவீதத்தினரிடமும் வென்றது. தோலின் மேற்பரப்பிலும் புண்களிலும் எண்ணெயே முந்தியது. பின்னர் வட அயர்லாந்தின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 391 நோயாளிகளை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவினரை 5 சதவீத டீ ட்ரீ கழுவியால் நாள்தோறும் துடைத்து, இந்தக் கிருமி புதிதாகத் தொற்றாமல் தடுக்க முடியுமா என்று பார்த்தார்கள். 2013இல் வெளியான முடிவின்படி எண்ணெய்க் குழுவில் 8.7 சதவீதத்தினருக்கும் சாதாரணக் குழந்தைச் சோப்புக் குழுவில் 11.2 சதவீதத்தினருக்கும் தொற்று ஏற்பட்டது. அந்த இடைவெளி தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவிலேயே நின்றது. எண்ணெயை வழக்கமாகப் பயன்படுத்தலாம் என்று அவர்கள் பரிந்துரைக்கவில்லை.

கிருமிகள் இதற்கும் எதிர்ப்புப் பெறுமா என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. கொல்லாத அளவு எண்ணெயில் பழக்கிய கிருமிகள் வேறு ஆன்டிபயாட்டிக்குகளுக்கும் எளிதில் பணியாதவையாயின என்று 2007இல் அயர்லாந்துத் தீவிலிருந்து வந்த ஆய்வு எச்சரித்தது. பின்னர் செய்த ஆஸ்திரேலிய ஆய்வுகளில் அத்தகைய மாற்றம் பெரிதாகத் தென்படவில்லை. சவ்வு முழுவதையும் தாக்கும் பொருளுக்கு ஒற்றை மரபணு மாற்றத்தால் எதிர்ப்புத் தோன்றுவது அரிது என்பது பொருத்தமாகவே படுகிறது. என்றாலும் ஒரு துளி எண்ணெயை மணத்துக்காகக் கலந்து கிருமிநாசினி என்று விற்கும் சோப்புகளில் எச்சரிக்கைக்கு இடமுண்டு.

ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு

2004இல் வெளியான ஓர் ஆய்வு டீ ட்ரீ எண்ணெயின் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பை இரண்டு முறைகளில் அளந்தது. மெத்தனாலில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோலிட்டர் எண்ணெய் கலந்தபோது, ஃப்ரீ ராடிக்கல்கள் எனப்படும், எளிதில் வினைபுரியும் துகள்களை அடக்கும் திறனைக் காட்டும் டிபிபிஎச் சோதனையில் (தொடக்கத்தில் சொன்ன ஊதா நிறக் கரைசல் இதுவே) ஏறத்தாழ 80 சதவீதம் பதிவானது. ஹெக்சனல் என்ற ஆல்டிஹைடு காற்றில் கெடுவதை, மில்லிலிட்டருக்கு 200 மைக்ரோலிட்டர் எண்ணெய் 30 நாட்களுக்கு 60 சதவீதம் தடுத்தது. உணவுப் பொருள்களில் சேர்க்கப்படும் பிஎச்டி (BHT) என்ற செயற்கைத் தடுப்பானின் 30 மில்லிமோலார் கரைசலுக்கு இது சமம். பிறகு எண்ணெயைப் பகுதிகளாகப் பிரித்து எந்தச் சேர்மம் இதைச் செய்கிறது என்று தேடினார்கள். கிடைத்தவை ஆல்ஃபா-டெர்பினீன், டெர்பினோலீன், காமா-டெர்பினீன். வலிமையும் இதே வரிசையில். டெர்பினென்-4-ஆல் இப்பட்டியலில் இல்லை.

இந்த மூன்றும் எப்படி வேலை செய்கின்றன என்பதில்தான் விஷயத்தின் உயிர் இருக்கிறது. வைட்டமின் ஈ போன்ற ஃபீனால் வகைத் தடுப்பான்கள் ஒரு ஹைட்ரஜன் அணுவைக் கொடுத்து ஃப்ரீ ராடிக்கலை அடக்கிவிட்டுத் தாம் ஓரளவு நிலையாக இருக்கும். காமா-டெர்பினீன் அப்படியல்ல. 2003இல் ஃபோட்டியும் இங்கோல்டும் காட்டியபடி, அது ஆக்சிஜனோடு வினைபுரியும்போது பாரா-சைமீனாக மாறி, ஹைட்ரோபெராக்சில் என்ற சிறிய, வேகமான ராடிக்கலை வெளியிடுகிறது. கொழுப்பு கெடும் தொடர்வினையை முன்னெடுத்துச் செல்லும் ராடிக்கலை அந்தச் சிறிய ராடிக்கல் சந்தித்து முடித்துவைக்கிறது. தொடர்வினை நிற்கிறது, அதற்கு விலையாகக் காமா-டெர்பினீன் தீர்ந்துபோகிறது. ஆல்ஃபா-டெர்பினீன் இன்னும் விரைவாக ஆக்சிஜனை வாங்கிக்கொள்கிறது.

டிபிபிஎச் சோதனையில் 80 சதவீதம் என்று மகிழ்பவர்கள் அந்த எண்ணை இன்னொரு விதமாகவும் படிக்கலாம்: இந்த எண்ணெயில் ஆக்சிஜனேற்றத்துக்கு ஆயத்தமாக நிற்கும் சேர்மங்கள் ஏராளம். தன்னைச் சுற்றியுள்ளதைக் காக்கும் சேர்மம் தான் ஆக்சிஜனேற்றம் அடைந்தே காக்கிறது. சோதனைக் குழாயில் அரை மணி நேரத்தில் முடியும் சோதனைக்கு இது நன்மை. அலமாரியில் மாதக்கணக்கில் நிற்கும் குப்பிக்கு இது வேறு பொருள் தருகிறது. தோலின்மேல் அல்லது உடலுக்குள் இந்த எண்ணெய் ஆக்சிஜனேற்ற எதிர்ப்புப் பொருளாகச் செயல்பட்டு நோயாளிக்கு நன்மை தந்தது என்று, மேலே சொன்ன கிருமி எதிர்ப்பு ஆய்வுகளுக்கு நிகரான ஆய்வு ஒன்றையும் நான் காணவில்லை.

கெட்ட எண்ணெயும் ஒவ்வாமையும்

1980களிலும் 1990களிலும் எண்ணெய் பரவலாக விற்கத் தொடங்கியதும் தோல் மருத்துவர்களிடம் ஒவ்வாமை நோயாளிகள் வரத் தொடங்கினர். ஜெர்மனியில் ஹாவ்சன், ரைக்லிங் ஆகியோர் அடங்கிய குழு 1999இல் வெளியிட்ட ஆய்வு காரணத்தைச் சுட்டியது. ஒளி, வெப்பம், காற்று, ஈரம் ஆகியவற்றுக்கு ஆட்பட்ட எண்ணெயில் ஆக்சிஜனேற்றத்தால் உண்டாகும் பெராக்சைடுகளின் அளவு சில நாட்களிலேயே பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 500 பங்குக்கு மேல் ஏறியது. ஆல்ஃபா-டெர்பினீன் அஸ்காரிடோலாகவும் 1,2,4-ட்ரைஹைட்ராக்சிமென்தேனாகவும் மாறியது. ஒவ்வாமை உள்ளவர்களின் தோல் கடுமையாக எதிர்வினை காட்டியது இந்தச் சிதைவுப் பொருள்களுக்கே. புதிய எண்ணெய் ஒவ்வாமையைத் தூண்டுவதில் மிக வலுவற்றது.

ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் கார்ல்பெர்க் தலைமையிலான குழு 2012இல் ஆல்ஃபா-டெர்பினீனைத் தனியே எடுத்துக் காற்றில் வைத்துப் பார்த்தது. அது விரைவாகத் தீர்ந்து, தோலில் ஒவ்வாமையை ஏற்படுத்தும் சேர்மங்களைத் தந்தது. டீ ட்ரீ எண்ணெயின் ஆக்சிஜனேற்றத் தடுப்பான் எனப் புகழப்படும் சேர்மமே காற்று பட்டதும் ஒவ்வாமைப் பொருளாகிறது என்று அவர்கள் தம் கட்டுரையின் தலைப்பிலேயே சொல்லிவிட்டனர்.

இது எத்தனை பேரைப் பாதிக்கிறது என்பதற்கு ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துத் தோல் மருத்துவ மையம் ஒன்றின் பதிவு உதவும். நாலரை ஆண்டுகளில், ஒவ்வாமையை அறியப் பொருளைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் ஒட்டுச் சோதனை செய்யப்பட்ட 2,320 பேரில் 41 பேரின் தோல், ஆக்சிஜனேற்றம் அடைந்த 10 சதவீத டீ ட்ரீ எண்ணெய்க்கு எதிர்வினை காட்டியது, அதாவது 1.8 சதவீதம். அவர்களில் எட்டுப் பேர் எண்ணெயை நீர்க்கச் செய்யாமல் அப்படியே பூசியதாகக் கூறினர். தோல் நோய்க்காக வந்தவர்களிடையே கண்ட விகிதம் இது. பொதுமக்களுக்கு இதே விகிதம் என்று கொள்ளலாகாது.

இதில் பயனரை ஏமாற்றும் ஒரு கூறு உண்டு. டெர்பினென்-4-ஆல் ஹைட்ரோகார்பன்களைப் போல எளிதில் சிதைவதில்லை. ஆகவே கெட்டுப்போன எண்ணெயும் தட்டில் வைத்தால் கிருமியைத் தடுக்கும். மணமும் பெரிதாக மாறியதாகத் தெரியாது. கிருமி எதிர்ப்பை மட்டும் அளந்து தரம் பார்ப்பவர் அந்தக் குப்பிக்கு நற்சான்று கொடுத்துவிடுவார்.

வாய்வழியாக உட்கொள்வது பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை: கூடாது. 10 மில்லிலிட்டரும் அதற்குக் குறைவும் குடித்த சிறு குழந்தைகள் தள்ளாடி, நினைவு மங்கி மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. பூனைக்கும் நாய்க்கும் உண்ணிக்காக இதைப் பூசுவதும் நச்சாகும்.

தரத்தை எப்படி அறிவது

ஐஎஸ்ஓ 4730 தரத்தில் பாரா-சைமீனுக்கு 8 சதவீதம் என்ற உச்சவரம்பு இருப்பதன் பொருள் இப்போது விளங்கும். காமா-டெர்பினீனும் ஆல்ஃபா-டெர்பினீனும் குறைந்து பாரா-சைமீன் கூடியிருந்தால் எண்ணெய் பழையது, அல்லது காற்றும் வெயிலும் பட வைத்திருந்தது. சேர்மங்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃபி அறிக்கையில் இந்த மூன்று எண்களையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு டெர்பினென்-4-ஆலின் எண் மட்டும் தராத செய்தி கிடைக்கும். பெராக்சைடு மதிப்பும் தரப்பட்டிருந்தால் இன்னும் நல்லது.

கலப்படம் வேறொரு பிரச்சினை. வேறு மூலங்களிலிருந்து மலிவாகக் கிடைக்கும் டெர்பினென்-4-ஆலையும் டெர்பினீன்களையும் கலந்து, எல்லா எண்களும் தரத்துக்குள் வரும்படி ஒரு திரவத்தைத் தயாரித்துவிட முடியும். இதைப் பிடிக்க 2017ஆம் ஆண்டுப் பதிப்பில் புதிய அளவுகோல் சேர்ந்தது. டெர்பினென்-4-ஆலுக்கு வலக்கை, இடக்கை போன்ற இரு பிம்ப வடிவங்கள் உண்டு. உண்மையான மரத்தின் எண்ணெயில் ஒன்று 67 முதல் 71 சதவீதமாகவும் மற்றது 29 முதல் 33 சதவீதமாகவும் இருக்கும். கலந்து செய்த எண்ணெயில் இந்த விகிதத்தை எட்டுவது கடினம்.

வாங்கிப் பயன்படுத்துபவரிடம் குரோமட்டோகிராஃப் இருக்காது. அவர் செய்யக்கூடியது சில: நிறமற்ற கண்ணாடியிலோ மெல்லிய பிளாஸ்டிக்கிலோ வருவதை ஒதுக்கி, இருண்ட கண்ணாடியில் அடைத்த சிறு குப்பியை வாங்குவது, திறந்த தேதியை அதன்மேல் எழுதிவைப்பது, இறுக மூடிக் குளிர்ந்த இடத்தில் வைப்பது, அடியில் கொஞ்சமாக எஞ்சி நெடுநாள் நின்றதைத் தோலில் பூசாமல் விடுவது, முகத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் போகாமல், முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவிப் பார்ப்பது. நம்மூர்க் குளியலறை ஜன்னலோரம் இந்த எண்ணெய்க்கு மிக மோசமான இடம்.

ஆய்வு செய்பவரிடம் எதிர்பார்க்க வேண்டியதும் இதையொட்டியதே. எந்த மூலிகை எண்ணெயாயினும் கிருமி எதிர்ப்பையும் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பையும் அளந்த கட்டுரையில், வடித்த நாளுக்கும் சோதித்த நாளுக்கும் இடையிலான காலம், வைத்திருந்த முறை, சோதித்த அன்று எண்ணெயின் சேர்மப் பட்டியல் ஆகியவை இருக்க வேண்டும். வடித்த புதிதில் சேர்மங்களை அளந்து, ஆறு மாதம் கழித்துக் கிருமியைச் சோதித்தால், அட்டவணையில் இருப்பது ஒரு திரவம், தட்டில் விழுந்தது வேறொரு திரவம்.